ஆடு தொடாத இலை

சத்தியமங்கலம் பக்கம் ஒரு தோட்டம். வேலியோரம் நெடுக ஆடாதொடை அடர்ந்து நிற்கிறது. ஆடு வாய் வைக்காது என்பதால்தான் அந்தப் பெயர் என்பார் தோட்டத்து அம்மா. ஊரில் யாருக்கு நெஞ்சுச்சளி கட்டினாலும் அவரைத் தேடித்தான் வருவார்கள்.

நடுநரம்பு கிள்ளிய மூன்று இலை, தட்டிய மிளகு நான்கு, சிறு துண்டு சுக்கு. இரண்டு டம்ளர் தண்ணீர் அரை டம்ளராகச் சுண்டும்வரை சிறுதீயில் கொதிக்க வேண்டும். வடிகட்டி, ஆறியதும் தேன். இதுதான் அவர் பக்குவம். கசப்பு நாக்கிலேயே நிற்கும். ஆனால் கட்டிய சளி இளகி வெளியே வரும்.

போன மார்கழியில் மருமகளுக்கு இருமல். அப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம். இரவெல்லாம் தூக்கமில்லை. விடிந்ததும் அம்மா கஷாயம் வைத்துக் கொடுத்தார். டம்ளரை வாங்கியவள், "இன்னைக்குச் செக்கப்புக்குப் போறமுங்க அத்தை. அங்க ஒரு வார்த்தை கேட்டுட்டுக் குடிச்சுக்கறனுங்க" என்றாள். அத்தையின் முகம் சுண்டிப்போனது. நாற்பது வருடக் கைப்பக்குவம் ஆயிற்றே!

ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சித்த மருத்துவப் பிரிவும் இருந்தது. "நல்ல மருந்துதானுங்கம்மா. ஆனா, மாசமா இருக்கறவங்களுக்கு வேண்டாம்" என்றார் மருத்துவர். இந்த இலையில் வாசிசின் என்ற சத்து இருக்கிறது. அது கருப்பையைச் சுருங்கவைக்கக் கூடியது. மருந்துக்கடை இருமல் மருந்துகளில் சேரும் புரோம்ஹெக்சின், இந்த வாசிசினை அடிப்படையாக வைத்து உருவாக்கப்பட்டதுதான். வீரியம் இருப்பதால்தான் கவனமும் வேண்டியிருக்கிறது.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டார். "எனக்கு ரெண்டாவது ஆறாம் மாசத்துல தங்காமப் போச்சுங்க. அப்பவும் இதைத்தான் குடிச்சேன்."

"அதுக்கு எத்தனையோ காரணம் இருக்கலாமுங்க. இதுதான்னு இன்னைக்குச் சொல்ல முடியாது. மனசுல வெச்சுக்காதீங்க" என்றார் மருத்துவர்.

மருமகளுக்கு, உப்புப் போட்ட வெந்நீரில் தொண்டை கொப்பளிக்கவும், வெறும் வெந்நீரில் ஆவி பிடிக்கவும் சொன்னார். இன்னும் இரண்டு விஷயங்களும் சொல்லி அனுப்பினார். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கலந்து எதுவும் கொடுக்கக் கூடாது. இருமல் இரண்டு வாரம் தாண்டினால், கஷாயத்தை நம்பிக் காத்திருக்காமல் அரசு மருத்துவமனையில் இலவசமாகச் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

வீடு திரும்பியதும், ஆறிக் கிடந்த கஷாயத்தைத் தென்னை மரத்தடியில் ஊற்றினார் அம்மா. வேலியை வெட்டவில்லை. சித்திரையில் பேத்தி பிறந்தாள்.

இப்போதும் இலை கேட்டு ஆட்கள் வருகிறார்கள். பறிப்பதற்கு முன்னால் அம்மா மூன்று கேள்வி கேட்கிறார்: "ஆருக்கு? எத்தனை நாளா இருமல்? வயித்துல புள்ளை இருக்குதா?"

பதில் வந்த பிறகுதான் கை வேலிக்குப் போகிறது.