மெக்ஸிகோவில் குப்பை கொட்டுவது எப்படி?

வெளிநாட்டில் இருப்பவனைப் பார்த்து "அங்க எப்படிடா குப்பை கொட்டுற?" என்று கேட்பது நம்மூர் வழக்கம். நான் மெக்ஸிகோ சிட்டிக்குப் படிக்க வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. கேட்ட எல்லாருக்கும் சேர்த்து மொத்தமாக ஒரு பதில் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். பிரமிடு, டெக்கீலா, பெரிய தொப்பி எல்லாம் இதில் கிடையாது. அதெல்லாம் சுற்றுலாப் புத்தகத்தில் இருக்கிறது.

முதலில் நிஜக் குப்பை. எங்கள் தெருவில் குப்பைத் தொட்டி என்று ஒன்று கிடையாது. ஒருவர் கையில் பெரிய மணியை ஆட்டிக்கொண்டு முன்னால் நடந்து வருவார், பின்னால் லாரி வரும். மணி கேட்டதும் மக்குவது ஒரு பை, மக்காதது ஒரு பை என்று இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். கூடவே கொஞ்சம் சில்லறை கொடுப்பது மரியாதை. குளித்துக்கொண்டிருந்தால் அவ்வளவுதான், அடுத்த மணி வரைக்கும் அந்தப் பையோடு குடித்தனம் நடத்த வேண்டியதுதான்!

இந்த ஊரில் காதுதான் காலண்டர். "காஆஆஸ்" என்று தெருவில் யாராவது கத்தினால் காஸ் சிலிண்டர் வந்திருக்கிறது. நீராவி ரயில் ஊளையிடுவது மாதிரி கேட்டால் சர்க்கரைவள்ளிக் கிழங்கு வண்டி. ஊதுகுழலில் ஸ்வரம் சர்ரென்று ஏறி இறங்கினால் கத்தி சாணை பிடிப்பவர். மெத்தை, ஃப்ரிட்ஜ், அடுப்பு, பழைய இரும்பு எல்லாம் வாங்குகிறோம் என்று ஒரு சின்னப் பெண்ணின் பதிவு செய்த குரல் ஊர் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கும். "ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்" கேட்டு வளர்ந்தவனுக்கு இதில் அந்நியமாக எதுவும் இல்லை.

தண்ணீர் விஷயமும் அப்படியே. குழாய்த் தண்ணீரை யாரும் குடிப்பதில்லை. 20 லிட்டர் கேன், இங்கே பெயர் 'கர்ராஃபோன்'. மாடிக்கு மாடி கறுப்பு பிளாஸ்டிக் டேங்க், இங்கே பெயர் 'தினாக்கோ'. ஏரிமேல் கட்டிய ஊர், மழை பெய்தால் தெருவில் வெள்ளம், ஆனால் குடிக்கத் தண்ணீரைத் தொலைவிலிருந்து மலையேற்றிக் கொண்டுவர வேண்டும். 2024 தொடக்கத்தில் குட்ஸமாலா அணைகளில் மட்டம் வெகுவாக இறங்கி, விநியோகத்தைக் குறைத்தார்கள். 2019-ல் சென்னையில் குடத்தோடு நின்றவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

சமையல் மட்டும் கொஞ்சம் படுத்தும். ஊர் கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரம். தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வைத்தால் மணிக்கணக்கில் ஆகும், குக்கர் கட்டாயம். ஊரிலிருந்து வருபவர்களுக்கு என் ஒரே அறிவுரை: ஊறுகாயைக் குறைத்து, பெட்டியில் குக்கருக்கு இடம் விடுங்கள். மிளகாயைப் பற்றிக் கவலையே வேண்டாம். நம் மிளகாய்க்கே பூர்வீகம் இந்தப் பக்கம்தான். சப்போட்டாவும் இங்கிருந்து வந்ததுதான், இங்கே அதற்குப் பெயர் 'சிக்கோசப்போத்தே'.

சரி, இனி கஷ்டமான பகுதி. காகிதம்.

180 நாளுக்கு மேல் தங்குவதாக இருந்தால் தூதரகத்தில் தற்காலிகக் குடியிருப்பு விசா வாங்கி வர வேண்டும். ஆனால் அந்த விசா உள்ளே நுழைய மட்டும்தான். வந்து 30 நாளுக்குள் குடியேற்ற அலுவலகத்துக்குப் போய் அதை அட்டையாக மாற்றத் தொடங்க வேண்டும். அட்டை வந்தால் 'குர்ப்' என்ற 18 எழுத்து எண் வரும். நம்மூர் ஆதார் மாதிரி, அது இல்லாமல் எதுவும் நடக்காது. பிறப்புச் சான்றிதழ் கேட்பார்கள், அதில் அப்போஸ்டில் முத்திரை கேட்பார்கள், பிறகு அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் ஸ்பானிஷில் மாற்றி வரச் சொல்வார்கள். அப்போஸ்டிலை ஊரிலேயே முடித்துக்கொண்டு வருவது உத்தமம்.

இதில் நமக்கென்று ஒரு தனிச் சிக்கல், இனிஷியல். இங்கே ஒவ்வொருவருக்கும் இரண்டு குடும்பப் பெயர், அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று. படிவத்திலும் இரண்டு கட்டம். என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தில் அப்பா பெயர் இருக்கிறது. ஆகவே வகுப்பில் வருகைப் பதிவின்போது தினமும் அப்பாவைத்தான் கூப்பிடுகிறார்கள், நான் எழுந்து "பிரெசென்தே" சொல்கிறேன். இரண்டாவது கட்டம் காலி. கவுண்டரில் இருந்த அம்மா உண்மையான கரிசனத்தோடு "உனக்கு அம்மா இல்லையாப்பா?" என்று கேட்டார். இருக்கிறார், காகிதத்தில் மட்டும்தான் இல்லை என்றேன். அம்மாவின் பெயர் வர வேண்டிய இடத்தில் குர்ப் எண்ணில் இப்போது ஓர் 'எக்ஸ்' நிற்கிறது. பத்தொன்பது வருடம் என் பெயரை எழுதியும் இப்படி ஓர் ஓட்டை இருப்பது எனக்குத் தெரியவில்லை. அதைச் சுட்டிக்காட்ட மெக்ஸிகோ வர வேண்டியிருந்தது.

அடுத்தது வீடு. வாடகைக்கு எடுக்க 'ஃபியாதோர்' வேண்டும். அதாவது அதே ஊரில் சொந்த வீடு வைத்திருக்கும் ஒருவர் உங்களுக்காக ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். நேற்று விமானத்தில் இறங்கியவனுக்கு யார் போடுவார்கள்? அதற்குப் பதில் வக்கீல் நிறுவனத்துக்குப் பணம் கட்டி ஓர் உத்தரவாதப் பத்திரம் வாங்கலாம், அல்லது கூடுதல் முன்பணம் கொடுக்கலாம். மாணவர்கள் பெரும்பாலும் யாராவது வாடகைக்கு எடுத்த வீட்டில் ஓர் அறையைப் பிடித்துக்கொள்வார்கள். நானும் அப்படித்தான். முகவரிச் சான்றுக்கு மின்கட்டண ரசீது கேட்பார்கள், நம்மூர் மாதிரியே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவது. அது வீட்டுக்காரர் பெயரில் இருக்கும். "அவோரீத்தா தருகிறேன்" என்பார். அகராதியில் அதற்கு 'இப்பவே' என்று பொருள். நடைமுறையில் நம்ம 'தோ வந்துட்டேன்'.

வாடகை ஏறியதற்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கும் தொடர்பு உண்டு. கொரோனாவுக்குப் பிறகு, டாலரில் சம்பளம் வாங்கிக்கொண்டு இங்கிருந்து வேலை பார்ப்பவர்கள் ரோமா, கொந்தேசா பகுதிகளில் நிறைய வந்து சேர்ந்தார்கள். 2025 ஜூலையில் இதை எதிர்த்து அங்கே ஊர்வலம் போனார்கள், சில கடைக் கண்ணாடிகள் உடைந்தன. அந்த வாரம் பக்கத்து வீட்டுப் பாட்டி "நீ கவலைப்படாதே, உன்னைப் பார்த்தால் கிரிங்கோ மாதிரியே இல்லை" என்று ஆறுதல் சொன்னார். :-)

உண்மைதான். என்னைப் பார்த்தால் ஒஹாகாக்காரன், சியாபாஸ்காரன் என்றுதான் நினைக்கிறார்கள். வழி கேட்கிறார்கள், படபடவென்று ஸ்பானிஷில் பேசுகிறார்கள். கடைகளில் வெளிநாட்டு விலை சொல்வதில்லை. கூட்டத்தில் கரைந்துவிடுவது பெரிய வசதி. ஆனால் அந்த வசதிக்கு ஓர் எல்லை இருக்கிறது.

பயணத்துக்கு இங்கே பஸ்தான். பயணிகள் ரயில்கள் 1990-களின் தனியார்மயத்தோடு ஏறக்குறைய நின்றுபோயின. சிவாவாவின் மலைப்பாதை ரயில் தப்பியது, 2023 டிசம்பரில் மாயா ரயில் வந்தது. மற்றபடி ஊரின் நான்கு மூலைகளிலும் நான்கு பஸ் நிலையங்கள், எந்தத் திசையில் போகிறீர்களோ அந்த நிலையம். முதல் வகுப்பு பஸ் நன்றாகவே இருக்கும். கால் நீட்டலாம், கழிப்பறை உண்டு, டப்பிங் படம் உண்டு, ஏசியில் பல் கிட்டும், போர்வை முக்கியம். மாணவர் அட்டை இருந்தால் விடுமுறைக் காலத்தில் பாதிக் கட்டணம்.

போன விடுமுறையில் சியாபாஸிலிருந்து அப்படி ஒரு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். நடு இரவு, ஒரு சோதனைச் சாவடி. சீருடையில் இரண்டு பேர் டார்ச்சோடு ஏறினார்கள். எனக்கு முன்னால் ஓர் ஐரோப்பிய ஜோடி, வெளிச்சம் அவர்கள் மேல் பட்டு நகர்ந்தது. என் மேல் நின்றது. பக்கத்தில் குழந்தையோடு இருந்த பெண் மேலும், கடைசி வரிசைப் பையன்கள் மேலும் நின்றது. நான் அட்டையை நீட்டினேன், பார்த்தார்கள், "நல்ல பயணம்" என்றார்கள். பையன்களில் இரண்டு பேர் இறங்கினார்கள். திரும்ப ஏறவில்லை. பஸ் கிளம்பியது, யாரும் எதுவும் பேசவில்லை.

இது என் கற்பனைக் கோபம் இல்லை. 2015-ல் கேரேதாரோவில் சியாபாஸைச் சேர்ந்த பழங்குடி உடன்பிறப்புகள் மூவரை, சொந்த நாட்டுக் குடிமக்களையே, குவாத்தமாலாக்காரர்கள் என்று சொல்லி பஸ்ஸிலிருந்து இறக்கிப் பிடித்து வைத்தார்கள். அந்த வழக்கில்தான் 2022 மே மாதம், எல்லையில் இல்லாமல் நாட்டின் உள்ளே சாலையில் இப்படி ஆவணம் கேட்டுச் சோதிப்பது அரசியல் சட்டத்துக்கு எதிரானது என்று மெக்ஸிகோவின் உச்ச நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பு வந்துவிட்டது. டார்ச் இன்னும் வருகிறது.

அந்தப் பாதையில் நம் நாட்டு ஆட்களும் போயிருக்கிறார்கள். நிலத்தை விற்று, ஏஜெண்டிடம் கொடுத்து, தென் அமெரிக்காவில் இறங்கி, காடு தாண்டி, மெக்ஸிகோ வழியாக அமெரிக்க எல்லைக்கு. அப்படிப் போனவர்களைத்தான் 2025 பிப்ரவரியில் கைவிலங்கோடு ராணுவ விமானத்தில் ஏற்றி அமிர்தசரஸில் இறக்கினார்கள். அவர்களில் ஒருவர் அன்றைக்கு என் பக்கத்து இருக்கையில் இருந்திருந்தால், எங்களுக்குள் வித்தியாசம் என் பர்ஸில் இருக்கும் அந்த பிளாஸ்டிக் அட்டை மட்டும்தான்.

டாலரில் சம்பாதித்துக்கொண்டு வந்தால் 'எக்ஸ்பாட்' என்கிறோம். நடந்து வந்தால் 'மிக்ராந்தே'. என்னைப் போன்றவன் எதில் சேர்த்தி என்பது கேட்பவர் எங்கே நின்று கேட்கிறார் என்பதைப் பொறுத்தது. ரோமாவின் காபிக் கடையில் ஒன்று, சியாபாஸ் சாலையில் வேறொன்று.

ஆகவே வருகிறவர்களுக்கு மூன்று விஷயம். குக்கர் எடுத்து வாருங்கள். 30 நாள் கெடுவை மறக்காதீர்கள். அட்டையை எப்போதும் கையில் வையுங்கள், அது கையில் இருப்பதால் நாம் யாரையும்விட உசத்தி ஆகிவிட்டோம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

மணி அடிக்கிறது. குப்பை கொட்டப் போகிறேன்.