எம்-ஒன்னும் நாலரை மணிப் பேருந்தும்

முதல் பருவத்தில் என் வகுப்பு கணித வகுப்பை அடுத்து வரும். நான் நுழையும்போது பலகை முழுக்க எண்கள் இருக்கும். அழித்துவிட்டு 'தமிழர் மரபு' என்று எழுதுவேன். ஒரு நாள் டஸ்டரை எடுத்தபோது மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "மேம், ரெண்டு நிமிஷம் அழிக்காதீங்க."

நின்றேன். அவள் பலகையைப் பார்த்து எழுத்தெழுத்தாக வரைந்துகொண்டிருந்தாள்.

அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் 2022-23 முதல் பொறியியல் மாணவர்களுக்குத் தமிழ்ப் பாடம் வந்தது. தமிழில் முனைவர் பட்டம் பெற்ற என்னைப் போன்றவர்களுக்கு இந்தக் கட்டடங்களுக்குள் இடம் கிடைத்தது அதனால்தான். என் பாடத்துக்கு ஒரு கிரெடிட். அப்போது முதல் பருவத்தில் இருந்த 'அணிகளும் நுண்கணிதமும்' என்ற கணிதத்துக்கு நான்கு. மாணவர்கள் அதைப் பழைய பழக்கத்தில் எம்-ஒன் என்றார்கள். பலருக்கும் முதல் அரியர் விழுந்தது அதில்தான்.

அவள் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்தவள் என்பதால் படிப்புச் செலவை அரசு ஏற்றிருந்தது. பிளஸ் டூவில் கணிதத்தில் நல்ல மதிப்பெண். "அப்புறம் கணக்குன்னா ஏன் பயம்?" என்று கேட்டேன்.

"பயமில்ல மேம். டிட்டர்மினன்ட்னா நம்ம அணிக்கோவைதான்னு தெரியவே மூணு வாரம் ஆயிடுச்சு."

அணிக்கோவை, நேர்மாறு, எல்லை, வகைக்கெழு, தொகையிடல் எல்லாம் அவளுக்குத் தெரிந்தவைதான். வேறு பெயரில் வந்ததால் அடையாளம் தெரியவில்லை. ஐகன் வெக்டர் மட்டும் அவளுக்குப் புதிது. எனக்கும் புதிது. ஐகன் என்பது ஜெர்மன் சொல், 'தனக்கே உரிய' என்று பொருள் என்பதைத் தேடிப் படித்து அவளிடம் சொன்னேன். அவள் எனக்குக் கணக்கைச் சொன்னாள். ஓர் அணியால் பெருக்கும்போது பெரும்பாலான வெக்டர்கள் திசை திரும்பிவிடும். சில மட்டும் தம் கோட்டை விட்டு விலகாமல் நீளும் அல்லது சுருங்கும். "அதோட சொந்தக் கோடுன்னு சொல்லியிருந்தா அன்னிக்கே புரிஞ்சிருக்கும் மேம்."

தேர்வு முடிவு வந்தது. அவளுக்கு எம்-ஒன்னில் 'யு'. வகுப்பில் பையன்கள் பலருக்கும் அதேதான். ஆனால் பையன்கள் "அடுத்த செம்ல பாத்துக்கலாம் மச்சி" என்று டீக்கடைக்குப் போனார்கள். விடுதியில் இரவு ஒரு மணிவரை சீனியர் அண்ணன்கள் பழைய வினாத்தாள்களை வைத்துக்கொண்டு சொல்லிக் கொடுப்பார்கள். அவள் வீட்டுக்கு அத்தை ஒரு ஜாதகத்தோடு வந்தார். "படிப்பு ஏறலன்னா எதுக்கு இழுத்துக்கிட்டு?" ஆணின் அரியர் மதிப்பெண் பட்டியலோடு நின்றுவிடுகிறது. பெண்ணின் அரியர் கல்யாணப் பேச்சு வரைக்கும் போகிறது.

கல்லூரியில் சிறப்பு வகுப்பு வைத்தார்கள். நேரம் 4.40 முதல் 6 வரை. பையன்கள் வந்தார்கள், பெண்கள் வரவில்லை. "பொண்ணுங்களுக்கு அக்கறையில்ல" என்று ஆசிரியர் அறையில் பேச்சு வந்தபோது நானும் தலையாட்டினேன். பிறகு அவளிடம் கேட்டபோதுதான் தெரிந்தது. கல்லூரிப் பேருந்து நாலரைக்குக் கிளம்பிவிடும். அதை விட்டால் இரண்டு டவுன் பஸ் மாறி ஊர் போய்ச் சேர எட்டாகிவிடும். விடுதிப் பெண்களோ ஆறு மணிக்குள் உள்ளே இருக்க வேண்டும்.

கணிதம் கை பழகி வருவது. பக்கத்தில் ஆள் இருக்க, பத்துத் தடவை தப்பாகப் போட்டுப் பதினோராவது தடவை சரியாக வருவது. அந்தப் பத்துத் தடவைக்கான நேரத்தைப் பெண்களுக்கு நாம் கொடுக்கவே இல்லை.

எனக்கும் கொடுக்கவில்லை. பிளஸ் டூவில் கணிதத்தில் நான் 200க்கு 186. அப்போது பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு இருந்தது. அண்ணனைத் திருச்சிக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். நான் கேட்டபோது அப்பா, "பொழுது சாஞ்சப்புறம் யாரு கூட்டிட்டு வர்றது?" என்றார். பகலிலேயே வீடு திரும்பக்கூடிய கல்லூரியில் தமிழ் இலக்கியம் சேர்ந்தேன். தமிழ் எனக்கு எல்லாம் தந்தது, வருத்தமில்லை. ஆனால் கவிதைக் கூட்டங்களில் "எண்களுக்கும் எனக்கும் ஆகாது" என்று இருபது வருடமாகச் சிரித்துச் சொல்லி வந்தேன். அது பொய். அதே நகைச்சுவையை இந்தப் பிள்ளைகளிடமும் முதல் வகுப்பில் சொல்லியிருந்தேன். அவர்களும் சிரித்தார்கள்.

பிறகு ஒரு வகுப்பில் மரியா கெயதானா அக்னேசியைப் பற்றிச் சொன்னேன். மிலான் நகரத்துப் பெண். 1748இல் நுண்கணிதத்துக்கு ஆயிரம் பக்கத்துக்கு மேல் ஒரு பாடநூல் எழுதினார். அறிஞர்களின் லத்தீனை விட்டுவிட்டு, தம் நாட்டு இளைஞர்களுக்காகத் தாய்மொழியான இத்தாலியில் எழுதினார். அதில் ஒரு வளைகோட்டுக்கு அவர் எழுதிய சொல்லை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் வேறொரு சொல்லோடு குழப்பி 'சூனியக்காரி' என்று எழுதிவிட்டார். ஆங்கிலப் புத்தகங்களில் அந்தக் கோட்டுக்கு இன்றும் 'அக்னேசியின் சூனியக்காரி' என்றுதான் பெயர். வகுப்பு சிரித்து ஓய்ந்த பிறகு அவள் கேட்டாள்: "அவங்களுக்கு யார் மேம் சொல்லிக் கொடுத்தாங்க?" வீட்டுக்கே ஆசிரியர்களை வரவழைத்த பணக்கார அப்பா என்றேன். "அதான்" என்றாள்.

அந்த 'அதான்' என்னைக் கணிதத் துறைத் தலைவரிடம் கொண்டுபோனது. சிறப்பு வகுப்பின் நேரத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "நானும் நாலரை பஸ்லதான் போறேன். ஆறு மணி கிளாஸை எங்க டிபார்ட்மென்ட்ல ஜென்ட்ஸ்தான் எடுக்கிறாங்க" என்றார். வாரம் இரண்டு நாள் நூலக வகுப்பு நேரத்தைச் சிறப்பு வகுப்புக்கு மாற்றினோம். இருவரும் உட்கார்ந்து நான்கு பக்கத்தில் ஒரு சொல்பட்டியல் தயாரித்தோம். ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், எதிரே பள்ளிப் புத்தகத்துத் தமிழ்ச் சொல்.

ஆறு பெண்கள் வந்தார்கள். அடுத்த தேர்வில் அவள் தேறினாள். சி கிரேடு. ஜாதகம் அத்தையிடமே திரும்பிப் போனது. ஆறு பேரில் ஒருத்தி பாதியில் வருவதை நிறுத்தினாள். அவள் கல்யாணப் பத்திரிகை வாட்ஸ்அப்பில் வந்தது. அவளும் கணக்கில் மோசமில்லை.

எண்களுக்கும் எனக்கும் ஆகாது என்று இப்போது சொல்வதில்லை. இந்த ஆண்டும் கணித வகுப்பை அடுத்துத்தான் என் வகுப்பு. எழுதி முடித்துவிட்டார்களா என்று கேட்டுவிட்டுத்தான் டஸ்டரை எடுக்கிறேன்.