கோபுரத்துல ஏறின கருவி

மாமா வீட்டுப் பரண்ல பழைய சர்வே மேப் ஒண்ணு கிடைச்சுது.
ஒரு மைலுக்கு ஒரு அங்குலம்.
மடிப்புல கிழிஞ்சு, ஓரமெல்லாம் செல்லரிச்சு.

மலையூர் மேப்புன்னா பழுப்புக் கோடு நெருக்கமா நெளியும்.
எங்க தஞ்சாவூர்ப் பக்கம் மேடு ஏது?
தாள் முழுக்க நீலக் கோடுதான். வெண்ணாறு, வெட்டாறு, அதுலேருந்து பிரியிற வாய்க்காலுங்க.

குன்றே இல்லாத ஊரை எங்க நின்னு அளந்திருப்பாங்க?
கோபுரத்து மேலதான்!

1808-ல நில அளவை அதிகாரி லாம்ப்டன் பெரிய கோயில் விமானத்துக்குத் தியோடலைட்ங்கிற கோணம் அளக்கிற கருவியை ஏத்தினார். அரை டன் கனம். கயிறு அறுந்து, சுவர்ல மோதி, அதோட கோணம் காட்டுற பெரிய வட்டமே நெளிஞ்சுபோச்சு.
மனுஷன் அசரல. கூடாரத்துக்குள்ள உட்கார்ந்து, வாரக்கணக்கா, இம்மி இம்மியா நிமிர்த்தி எடுத்தார்.
நினைச்சாலே சிலிர்க்குது.

விரலை வச்சு எங்க ஊரைத் தேடினேன். குளத்துக்குக் கிழக்கால மயிரிழை மாதிரி ஒரு நீலக் கோடு.
அப்பா நீச்சல் பழகின வாய்க்கால்.
இப்ப அங்க வரிசையா வீடு. மழை பெஞ்சா தண்ணி மட்டும் பழைய வழியிலேயே வந்து நிக்குது.

அப்பாகிட்ட மேப்பைக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசவே இல்ல.

உங்க ஊர்ல இப்படிக் காணாமப்போன வாய்க்கால் பேரு யாருக்காவது ஞாபகம் இருக்கா?