ஒரு படகு, 94 லாக், ஒரு எக்ஸெல் ஷீட்

ரொம்ப நாள் ஆசைங்க இது. இங்கிலாந்து வந்த புதுசுல ஒரு பாலத்து மேல நின்னு கீழே பார்த்தேன். ரயில் பெட்டி மாதிரி நீளமா ஒரு படகு, நடந்து போறவர் கூட முந்திக்கிற வேகத்துல போய்க்கிட்டு இருந்துச்சு. பின்னாடி ஒருத்தர் ஒரு கையில டீ, ஒரு கையில சுக்கான்னு நின்னுட்டிருந்தார். அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், வாழ்க்கைல ஒரு வாரமாவது இப்படி இருக்கணும்னு :)

அதுக்குப் பேரு நேரோபோட். அகலம் 7 அடிக்குக் கொஞ்சம் கம்மி, நீளம் 60 அடி, 70 அடின்னு போகும். லைசென்ஸ் எல்லாம் வேணாம், வாடகைக்குத் தர்றவங்களே அரை மணி நேரம் சொல்லிக் கொடுத்து அனுப்பிடுவாங்க.

நான் போக நினைச்சது ஃபோர் கவுன்ட்டீஸ் ரிங். மிடில்விச்ல கிளம்பி, ட்ரென்ட் அண்ட் மெர்ஸி கால்வாய்ல தெற்கே வந்து, ஸ்டாஃபோர்ட்ஷயர் அண்ட் வூஸ்டர்ஷயர்ல திரும்பி, ஷ்ராப்ஷயர் யூனியன்ல வடக்கே ஏறி, மறுபடி மிடில்விச். போன வழியிலேயே திரும்பி வர வேண்டாம், அதான் அழகு. 110 மைல், 94 லாக். வழியில ஹேர்காஸில் சுரங்கம் வேற. 1827ல டெல்ஃபோர்ட் கட்டினது, 2926 கெஜம், உள்ளே முக்கால் மணி நேரம் கும்மிருட்டு!

உடனே எக்ஸெல்ல உட்கார்ந்துட்டேன். படகுக்காரங்க கணக்கு சிம்பிள். மைலையும் லாக்கையும் கூட்டி மூணால வகுத்தா மணி நேரம். 110 + 94 = 204. வகுத்தா 68 மணி நேரம். சனிக்கிழமை மதியம் மூணு மணிக்குப் படகு கைக்கு வரும், அடுத்த சனி காலை ஒன்பதுக்குத் திருப்பிக் கொடுத்துடணும். முழுசா கிடைக்கிறது ஆறு நாள்தான். ஆக, தினமும் பத்தரை, பதினொரு மணி நேரம். ராத்திரி ஓட்டக் கூடாது. ஆகஸ்ட்ல வெளிச்சம் இருக்கு, முடியும்னு நினைச்சேன்.

மிடில்விச்ல இருந்து கிட்ஸ்க்ரோவ் வரைக்கும் மட்டும் 31 லாக், எல்லாம் ஏத்தம். ஹார்ட்பிரேக் ஹில்னு அதுக்குச் செல்லப் பேரு. தெம்பு இருக்கும்போதே, முதல் ரெண்டு நாள்லயே அதை முடிச்சிடணும்னு பச்சைக் கலர் எல்லாம் அடிச்சு வச்சேன்.

பெருமையா மகள்கிட்ட காட்டினேன். செப்டம்பர்ல காலேஜுக்குப் போறா, வேற ஊரு. நாங்க மூணு பேரும் சேர்ந்து போற கடைசி லீவு இதுவா கூட இருக்கலாம். ஷீட்டை மேலயிருந்து கீழ வரைக்கும் பார்த்துட்டுக் கேட்டா: "அப்பா, இது லீவா, இல்ல ஷிஃப்ட்டா?"

தங்கமணி பக்கத்துல இருந்து, "எனக்கு ஷோல்டர் வலி இருக்கறது அந்த ஷீட்டுல எந்த காலம்ல வருது?"

அவ்வ்வ்வ்...

கோபம்தான் வந்துச்சு முதல்ல. ராத்திரி தூக்கம் வராம யோசிச்சப்பதான் ஒண்ணு உறைச்சது. லாக் வந்தா ஒருத்தர் படகுல சுக்கான் பிடிக்கணும். மத்த ரெண்டு பேர் கரையில இறங்கி, விண்ட்லஸ்னு ஒரு இரும்புக் கைப்பிடியால பேடிலைத் திறந்து தண்ணி விடணும், பெரிய மரக்கதவை முதுகு கொடுத்துத் தள்ளணும். அடுத்த லாக் பக்கம்னா அவங்க கரையோரமாவே நடந்து முன்னாடி போயிடுவாங்க. அதாவது என் திட்டப்படி, நான் பின்னாடி தனியா, அவங்க ரெண்டு பேரும் கரையில. ஒரு வாரம் பூரா மூணு பேரும் சேர்ந்து உட்கார்றது சாப்பாட்டுக்கு மட்டும்தான். நான் பிளான் பண்ணினது கால்வாயை, இவங்களை இல்ல.

இன்னொரு சிக்கலும் இருக்கு. வட்டத்துல ஒரு கண்ணி அறுந்தாலும் போச்சு. 2018 மார்ச்ல மிடில்விச் கிளைக் கால்வாயோட கரை உடைஞ்சு டிசம்பர் வரைக்கும் மூடியே இருந்துச்சு. பாதி தாண்டிட்டா திரும்பவும் முடியாது, முன்னாடி போறதும் அதே தூரம்தான். நாள் தவறிடுச்சுன்னா விரட்டிக்கிட்டே ஓட்டணும். மணிக்கு நாலு மைல்தான் அதிகபட்ச வேகம், எங்க போய் விரட்டுறது!

மறுநாள் ஷீட்டை அழிச்சேன். மிடில்விச்ல இருந்து நான்ட்விச், ஆட்லம் வழியா மார்க்கெட் டிரேட்டன், அப்படியே அதே வழியில திரும்பி. போக 26, வர 26, மொத்தம் 52 லாக். தூரமும் ஏறக்குறைய பாதிதான். ஆட்லம்ல மட்டும் 15 லாக் வரிசையா இருக்கு, அதுக்குப் போக ஒரு நாள், வர ஒரு நாள். தங்கமணி சுக்கான், நானும் மகளும் கரை. மதியம் மூணு மணிக்கு மேல எங்கயாவது கட்டிப் போட்டுட்டு சும்மா இருக்கறது. சுரங்கம் கிடையாது. வட்டமும் கிடையாது.

மனசு கேக்கலதான். பொய் சொல்ல மாட்டேன்.

மகள்கிட்ட புது ஷீட்டைக் காட்டினேன். மூணு மணிக்கு மேல எல்லாக் கட்டமும் காலி. கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "சுரங்கம் போச்சேப்பா... அடுத்த வருஷம் நான் லீவுக்கு வந்தா ரிங் போலாம்"னா.

தங்கமணி என்னைப் பார்த்தாங்க. நான் எக்ஸெல்லைப் பார்த்தேன்.

படகு புக் பண்ணியாச்சு. பழைய ஷீட்டை அழிச்சேன்னு சொன்னேன்ல, ஒரு காப்பி வச்சிருக்கேன். கையுறை வாங்கணும், மூணு ஜோடி.