கலயம் சொன்ன பாடம்
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., இயற்பியல்)

கோடைக்கு ஏற்ற குளிர்ந்த உணவு எது என்று கேட்டால், நகரத்து நண்பர்கள் பனிக்கட்டி மிதக்கும் பானங்களைச் சொல்வார்கள். வேலூர்ப் பக்கத்துச் சிற்றூர்களில் வளர்ந்த எங்களுக்கு ஒரே விடைதான்: காய்கறி நறுக்கிப் போட்ட கேழ்வரகுக் கூழ். குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டிலும் சில்லென்று கிடைக்கும் உணவு அது.

கூழ் ஒரே நாளில் ஆகிவிடுகிற பண்டம் அன்று. முதல் நாள் இரவே கேழ்வரகு மாவை நீரில் கரைத்து மூடி வைக்க வேண்டும். நுண்ணுயிர்கள் மாவிலுள்ள சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றும்; அந்தப் புளிப்புத்தான் கூழின் உயிர். மறுநாள் மாலை அரிசி நொய்யைக் குழைய வேகவைத்து, புளித்த மாவை ஊற்றி, கட்டி விழாமல் துடுப்பால் கிண்ட வேண்டும். நீரில் நனைத்த கையால் தொட்டால் ஒட்டக்கூடாது, அதுவே பதம். இரவு முழுதும் ஆறியதை மூன்றாம் நாள் காலை நீரும் மோரும் உப்பும் சேர்த்துக் கையால் கரைக்க வேண்டும். சின்ன வெங்காயம், வெள்ளரிப் பிஞ்சு, மாங்காய், பச்சை மிளகாய், கொத்துமல்லி ஆகியவற்றைப் பொடியாக நறுக்கிப் போட்டால் கூழ் தயார்.

இனி அதைக் குளிர வைக்க வேண்டும். என் அம்மா கூழை மண் கலயத்தில் ஊற்றி, சுற்றிலும் ஈரத்துணி கட்டி, காற்றோட்டமான திண்ணை நிழலில் ஈர மணல்மேல் வைத்துவிட்டுக் கழனி வேலைக்குப் போவார். நண்பகலில் திரும்பும்போது கூழ் குளிர்ந்திருக்கும்.

சென்ற கோடை விடுமுறையில் அவர் என்னிடம், “காலேஜுல அப்படி இன்னாதான் கண்ணு சொல்லித் தராங்க?” என்று கேட்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அப்பாவின் கூலியில் ஒரு பங்கும், அம்மா விற்ற இரண்டு ஆடுகளும் என் புத்தகங்களாகவும் விடுதிச் செலவாகவும் மாறியிருக்கின்றன. தம் உழைப்பு என்னவாயிற்று என்று அறிய அவருக்கு உரிமை உண்டு. இத்தனை மதிப்பெண் வாங்கினேன் என்பது அதற்கு விடையாகாது.

ஆசிரியரின் இசைவோடு கொண்டுபோயிருந்த வெப்பமானியை எடுத்தேன். திண்ணை நிழலில் 38 பாகை செல்சியஸ். கலயத்துக் கூழில் 28. அந்த 10 பாகை எங்கே போயிற்று? துணியிலுள்ள நீர் ஆவியாக வெப்பம் வேண்டும்; அதைக் கலயத்திலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி தேவை. 58 கிராம் நீரை 10 பாகை குளிர்விக்க அகற்ற வேண்டிய வெப்பமும் அவ்வளவுதான். இதை நாங்கள் உள்ளுறை வெப்பம் என்று படிக்கிறோம். எண்களை விட்டுவிட்டு, வியர்த்த உடம்பில் காற்றுப் பட்டால் குளிர்வதைச் சொல்லி விளக்கினேன்.

அம்மா சற்று நேரம் யோசித்தார். “அதான் மழ நாள்ல கலயம் குளுர மாட்டேங்குதா? காத்தே ஈரமா இருக்கும்போது துணியில இருக்கிற ஈரம் எங்க போவும்?” என்றார்.

எனக்குச் சிலிர்த்துவிட்டது. காற்றின் ஒப்பு ஈரப்பதம் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. பாடநூலின் அடுத்த பகுதிக்கு அவரே போய்விட்டார். பள்ளியில் காலடி வைக்காதவரிடம் நாற்பது ஆண்டுக் கால உற்றுநோக்கல் இருந்தது. அதற்குக் காரணம் என்னும் ஒரு கண்ணி மட்டுமே தேவைப்பட்டது. அதைக் கொண்டுபோய்ச் சேர்த்ததுதான் என் படிப்பு செய்த வேலை.

நண்பர்களே! நம் வகுப்பில் பலர் என்னைப் போல் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள். அடுத்த விடுமுறையில் ஒரு பாடத்தையாவது வீட்டாருக்கு அவர்கள் பேச்சிலேயே சொல்லிப் பாருங்கள். அவர்கள் தலையசைத்தால் போதாது. திருப்பி ஒரு கேள்வி கேட்க வேண்டும். அப்போதுதான் அந்தப் பாடம் நமக்கும் விளங்கியது என்று பொருள்.