பில் இல்லைன்னா பெல்ட் மாத்தலைன்னு அர்த்தம்

வாங்கியிருக்கிற பழைய டஸ்டர் டீசல் 2014 மாடல். மீட்டரில் 78,000 கி.மீ. "நல்லாத்தானே ஓடுது, எதுக்குண்ணே இப்பவே டைமிங் பெல்ட்?" என்கிறான் மெக்கானிக் தம்பி. அறுகிற நிமிஷம் வரைக்கும் நல்லாத்தான் ஓடும்டா.

ஸ்விஃப்ட் டீசலின் 1.3 இன்ஜினில் செயின். இந்த டஸ்டரின் 1.5 டிசிஐ இன்ஜினில் ரப்பர் பெல்ட். ஓட்டத்தில் அறுந்தால் பிஸ்டன் மேலே வந்து வால்வை இடிக்கும், ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான். ரப்பருக்குக் கிலோமீட்டர் மட்டுமல்ல, வயசும் கணக்கு. பழைய ஓனர் "மாத்தியாச்சு சார்" என்றார். பில் எங்கே என்றால் சிரிப்பு. (மீட்டரையும் அந்தச் சிரிப்போடுதான் நம்ப வேண்டியிருக்கிறது.)

மாற்றுவதென்றால் டென்ஷனர், வாட்டர் பம்ப் எல்லாம் சேர்த்துத்தான். பம்பைச் சுற்றுவதே இந்த பெல்ட்தான். பம்ப் பேரிங் இறுகினால் புது பெல்ட்டும் காலி. பிரித்துப் பூட்டும் கூலியை இரண்டு தடவை யார் கொடுப்பது?

ஆயில் விஷயத்தில் நிறத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. டீசலில் புது ஆயிலும் சீக்கிரம் கறுத்துவிடும். டர்போ சுழல்வது ஆயில் படலத்தின் மேல் என்பதால், பழைய வண்டிக்கு 10,000 கி.மீ. அல்லது ஒரு வருஷம், எது முதலோ அது. ஃபில்டரும் கூடவே. கிரேடு மேனுவலில் உள்ளபடி. கடைக்காரர் கையில் இருக்கிற கேன் அல்ல.

முதலில் இதெல்லாம், மியூசிக் சிஸ்டம் அடுத்த மாசம். தம்பியிடம் ஒன்றே ஒன்று சொல்லியிருக்கிறேன்: கழற்றின பெல்ட்டைத் தூக்கிப் போடாதே, நான் பார்க்கணும்.