மாட்டேன் என்று சொல்லும் உரிமை



பியானோ கச்சேரிகளை யூடியூப்பில் பார்த்திருப்பீர்கள். கலைஞர் மேடைக்கு வந்ததும் அரங்கமே அடங்கிவிடும். யாராவது இருமினால்கூடத் திரும்பி முறைப்பார்கள். நம்மூர்க் கல்யாணத்தில் நேரெதிர். தாலி கட்டும் நேரத்தில் தும்மலோ அழுகையோ காதில் விழுந்துவிடக் கூடாது என்று 'கெட்டி மேளம்' கொட்டச் சொல்கிறார்கள். அங்கே இசைக்காக மற்ற சத்தம் அடங்குகிறது. இங்கே மற்ற சத்தத்தை அமுக்க இசை வேண்டியிருக்கிறது.

இப்படிப்பட்ட இடத்திலிருந்து எழுந்து வந்த கச்சேரிக் கலைஞர் நம் தாமிரபரணிக் கரையில் இருந்தார். காருகுறிச்சி அருணாசலம். சேரன்மகாதேவிக்கும் வீரவநல்லூருக்கும் நடுவே, மண்பாண்டத்துக்குப் பேர்போன காருகுறிச்சியில் 1921இல் பிறந்தவர். டி.என். ராஜரத்தினம் பிள்ளையிடம் சீடராகச் சேர்ந்து, அவரோடு வாசித்து, பிறகு தனிக் கச்சேரிக்காரராக வளர்ந்தார். கோவில்பட்டியில் குடியேறினார். 1962இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு அவர் நாதஸ்வரம் சேர்ந்த 'சிங்கார வேலனே தேவா' பாட்டு பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தது. 1964இல், நாற்பதுகளின் தொடக்கத்திலேயே, இறந்துபோனார்.

அவருடைய குருவைப் பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டும். நாதஸ்வரக்காரர் என்றால் சட்டை போடாமல், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பெரிய மனிதர்கள் முன்னால் நின்றபடி வாசிக்க வேண்டும் என்று இருந்த காலம் அது. ராஜரத்தினம் பிள்ளை முடியை கிராப் வெட்டிக்கொண்டார், கோட்டு போட்டார், மேடை கேட்டு உட்கார்ந்து வாசித்தார். மனமில்லை என்றால் வாசிக்க மாட்டார். அவர் போகாமல் விட்ட கச்சேரிகளைப் பற்றியும் ஊர் பேசியது. அந்த மரியாதை சீடருக்கும் வந்து சேர்ந்தது.

ஆனால் அது எதுவரை வந்தது என்பதுதான் நம் கேள்வி.

காருகுறிச்சியார் பிறந்தபோது நம் மக்களுக்குக் கோயிலுக்குள் இடமில்லை. சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுச் சட்டம் வந்ததே 1939இல்தான். நாதஸ்வரத்தின் சத்தம் மதிலைத் தாண்டி வெளியே வரும், கேட்பவர் மதிலைத் தாண்டி உள்ளே போக முடியாது. பிறகு சினிமாவும் ரேடியோ செட்டும் வந்தன. காதுகுத்துக்குக் கட்டிய குழாய் சாதி கேட்கவில்லை. அந்த இசை நம் தெருவுக்கும் வந்தது.

நாதஸ்வரம் வாசித்தவர்களும் சாதிப் படிநிலையில் குனிந்து நிற்க வைக்கப்பட்டவர்கள்தான். ஆனாலும் அவர்களுக்குக் கோயிலில் ஓர் இடம் இருந்தது. தப்புக்கு அதுவும் இல்லை. 'மங்கலம்' என்று ஒன்றை உள்ளே வைத்தவர்கள், 'சாவு மேளம்' என்று இன்னொன்றைத் தெருவில் நிறுத்தினார்கள். தோலும் மரமும்தான் தவிலிலும் இருக்கின்றன, தப்பிலும் இருக்கின்றன.

நாங்கள் மாலை நேரப் படிப்பகம் நடத்தும் ஊர்களில் ஒன்றில், பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனின் அப்பா தப்படிப்பவர். ஒரு நாள் காய்ச்சல் என்று சாவு வீட்டுக்குப் போகவில்லை. மறுநாள் வீட்டு வாசலில் வந்து நின்று ஏசினார்கள். இரண்டு வாரம் வயலில் வேலைக்குக் கூப்பிடவில்லை. பையன் பள்ளிக்கூடத்தில் அப்பாவின் தொழிலைக் 'கூலி' என்றுதான் எழுதுகிறான். ஊர்ப் பெயர் வேண்டாம், அந்தக் குடும்பம் அங்கேதான் வாழ வேண்டும்.

சமூகவியல் வகுப்பில் தொழிலுக்கும் சாதித்தொழிலுக்கும் உள்ள வேறுபாட்டைப் பக்கம் பக்கமாகப் படித்தோம். அந்த வாசலில் நின்றபோது அது ஒரே வரியில் விளங்கியது. 'இன்றைக்கு வரமாட்டேன்' என்று சொல்லிவிட்டு ஒருவர் நிம்மதியாகத் தூங்க முடிந்தால் அவர் கலைஞர். முடியாவிட்டால் அவர் கையில் எந்தக் கருவி இருந்தாலும் அது அடிமை வேலை.

பறையைக் கீழே போடுவதா, கலையாகக் கையில் எடுப்பதா என்ற விவாதம் நம்மிடையே நீண்ட காலமாக நடக்கிறது. மேடையில் பறை அடிக்கும் கல்லூரித் தோழர்களை மதிக்கிறோம். இனி அடிக்க மாட்டேன் என்று தப்பை ஒதுக்கிவைத்த அண்ணன்மார்களையும் அதே அளவு மதிக்கிறோம். இரண்டு முடிவையும் அந்த மனிதரே எடுக்க வேண்டும், ஊர் எடுக்கக் கூடாது.

மறுத்தவருக்குச் சட்டத்தின் துணை உண்டு. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பட்டியல் சாதியினரைக் கட்டாய வேலை வாங்குவதைக் குற்றம் என்கிறது. 2015ஆம் ஆண்டுத் திருத்தம் சமூகப் புறக்கணிப்பையும், பொருளாதாரப் புறக்கணிப்பையும் குற்றப் பட்டியலில் சேர்த்தது. வேலைக்குக் கூப்பிடாமல் நிறுத்துவது, கடையில் சாமான் கொடுக்க மறுப்பது, அப்படி மிரட்டுவது நடந்தால் தேதி, நேரம், பேசிய வார்த்தை எல்லாவற்றையும் உடனே எழுதி வையுங்கள். மனு எழுதும்போது அதுதான் கைகொடுக்கும்.

உங்கள் ஊரில் தப்படிக்கும் பெரியவரிடம் போய் உட்காருங்கள். யாரிடம் கற்றார், எத்தனை அடி தெரியும், என்ன கூலி தருகிறார்கள் என்று கேளுங்கள். கடைசியாக, வரமாட்டேன் என்று என்றைக்காவது சொன்னதுண்டா, சொன்னால் என்ன நடக்கும் என்றும் கேளுங்கள். அவர் சொல்லும் பதிலில் இருந்து நம் வேலை தொடங்குகிறது.

ஜெய் பீம்.